வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இயற்கணிதப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

இயற்கணிதம் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றதும் பெற்றோர் முதலில் செய்வது, எந்தப் புத்தகம் நல்லது என்று நாலு பேரிடம் கேட்பது. நாலு பேரும் நாலு பெயர் சொல்வார்கள். நானும் அப்படிக் கேட்டுத்தான் என் மகளுக்கு ஒன்றை வாங்கினேன். மூன்றே மாதத்தில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. புத்தகத்தில் குறை எதுவும் இல்லை. அவளுக்குப் பின்னம் சரியாக ஊன்றவில்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. அதன்பிறகு பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பல குடும்பங்களோடு உட்கார்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. படிகளின் வரிசை மாறுவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுகளில் தெரியாத எண்ணை ‘க’ என்று எழுதியிருக்கிறேன். உங்கள் புத்தகத்தில் வேறு எழுத்து இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

கையில் வேண்டியவை: ஒரு நோட்டு, பென்சில், வரும் ஆண்டின் நாட்காட்டி, மூன்று வார அவகாசம். இந்த மூன்று வாரத்தில் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

1. அடித்தளத்தைச் சோதியுங்கள்

வயதையும் வகுப்பையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஏழு கேள்விகள் போதும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். விடையைவிட, விடைக்கு எப்படி வருகிறான் என்பதுதான் முக்கியம்.

8 + 4 = □ + 5
2/3 + 1/4
−7 − (−3)
18 − 4 × 3 + 2
7 × 98 (மனக்கணக்காக)
6 மீட்டர் துணியில் 4 சட்டை தைக்கலாம் என்றால் 15 மீட்டரில் எத்தனை?
ஒரு எண்ணை இரட்டித்து 5 கூட்டினால் 31. அந்த எண் எது?

முதல் கேள்வி பார்க்கச் சின்னதுதான். ஆனால் அதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறி என்பது ‘இனி விடையை எழுது’ என்ற கட்டளை என்றுதான் பிள்ளை இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறது. 17 என்று எழுதினாலும் அதே கதைதான், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பது தெரிந்த பிள்ளை 7 என்று எழுதும். சமன்பாடு என்ற முழுக் கட்டடமும் இந்த ஒரு குறியின் மேல்தான் நிற்கிறது. இது தவறினால் எந்தப் பாடத்திட்டமும் ஓடாது. நல்ல செய்தி என்னவென்றால், தினமும் இப்படி ஐந்து கட்டக் கணக்குக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

மற்றவற்றின் விடைகள்: 11/12, −4, 8, 686, 10 சட்டை, 13. பின்னத்தில் 3/7 என்று வந்தால் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறான். 7 × 98-ஐ, 700-இல் 14 போக என்று சொன்னால், 98-ஐ 100 − 2 என்று பிரித்துத் தனித்தனியே பெருக்கும் பங்கீட்டுப் பண்பு பெயர் தெரியாமலே கைக்கு வந்திருக்கிறது. கடைசிக் கேள்வியில் 31-இலிருந்து 5-ஐக் கழித்து, அப்புறம் பாதியாக்கினால் தயார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்து 13-க்கு வந்தாலும் அதைத் தவறு என்று சொல்லாதீர்கள். அதுவும் கேள்வியைப் புரிந்துகொண்டதன் அடையாளம்தான்.

இரண்டு கேள்விக்கு மேல் தவறினால் தேர்வை ஒத்திவையுங்கள். பின்னமும் குறை எண்களும் இரண்டு மாதம் படித்துவிட்டு வந்து தொடங்கும் பிள்ளை, இன்றே தொடங்கும் பிள்ளையைப் பெரும்பாலும் முந்திவிடுகிறது. இதைச் சொல்லும்போது பெற்றோர் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓட்டை எங்கே என்பது இப்போதே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

2. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

பிள்ளை பிறகு பொதுத்தேர்வு எழுதப் போகிறதா, பள்ளிக்குத் திரும்புமா, வீட்டிலேயே மேல்நிலைக் கணிதம் வரை போகுமா? ஒரே வரியில் எழுதுங்கள். தேர்வு இருந்தால் அதன் பாடப்பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் இவ்வளவு முன்னால் வருகிறது என்றால், பாடத்திட்டங்கள் அடிப்படையில் இரண்டு மாதிரி அமைந்திருக்கின்றன. அமெரிக்காவில் வெளியாகும் பலவற்றில் இயற்கணிதம் ஓராண்டு, வடிவியல் ஓராண்டு, மறுபடி இயற்கணிதம் ஓராண்டு என்று தனித்தனியாக வரும். வேறு பல நாடுகளில் இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் மூன்றும் கலந்து ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். முதல் வகையில் ஓராண்டு படித்துவிட்டு இரண்டாம் வகைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு வடிவியலில் பெரிய பள்ளம் விழும். அதை நடுவில் அடைப்பது கடினம்.

எந்த மாதிரியானாலும் முதல் கட்ட இயற்கணிதத்தில் இவை இருக்க வேண்டும்: கோவைகள், ஒருபடிச் சமன்பாடுகள், அசமன்பாடுகள், வரைபடமும் சாய்வும், இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாட்டு ஜோடிகள், அடுக்குகள், பல்லுறுப்புக் கோவைகள், காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடுகள். பொருளடக்கத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாததைக் குறித்து வையுங்கள். கலந்து வரும் வகையில் சில தலைப்புகள் அடுத்த ஆண்டுக்குப் போயிருக்கலாம். அது குறையல்ல.

3. சொல்லிக்கொடுப்பது யார் என்பதை நேர்மையாகத் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாடத்திட்டம் பிள்ளைக்கு மட்டும் அல்ல, கற்பிப்பவருக்கும் சேர்த்துத்தான். நீங்கள் இயற்கணிதத்தைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருந்தால், விடை மட்டும் அச்சிட்ட புத்தகம் உங்களை நடுவழியில் விட்டுவிடும். பிள்ளை −9 என்று எழுதியிருக்கும், பின்பக்கத்தில் 9 என்று இருக்கும், தவறு எந்த வரியில் என்று இருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் படிப்படியான தீர்வு உள்ள கையேடு கட்டாயம் வேண்டும்.

ஒரு நாளில் உங்களால் எத்தனை நிமிடம் பிள்ளையோடு முழுக் கவனத்தோடு உட்கார முடியும்? அந்த எண்ணையும் எழுதுங்கள். பதினைந்து நிமிடம்தான் முடியும் என்றால், காணொளி விளக்கமோ, பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய பாடமோ தேவை. முப்பது, நாற்பது நிமிடம் முடியும் என்றால் தேர்வு விரிவாக இருக்கும்.

புத்தகத்தின் மொழியையும் இங்கேயே பாருங்கள். ஒரு வாக்கியக் கணக்கைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, அதையே தன் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் தடை மொழியில் இருக்கிறது, கணக்கில் இல்லை.

4. வகையைத் தெரிந்துகொண்டு மூன்றாகக் குறையுங்கள்

ஒரு தலைப்பை எடுத்தால் கைவரும்வரை அதிலேயே நிற்பது ஒரு வகை. மேத்-யு-சி என்ற பாடத்திட்டம் அப்படிப்பட்டது, காணொளியும் கையால் தொட்டுப் பார்க்கும் கட்டைகளும் அதோடு வரும். தினமும் புதிதாக ஒரு சின்னத் துண்டு கற்று, பயிற்சியில் பழையதையெல்லாம் கலந்து செய்வது இன்னொரு வகை. சாக்ஸன் இதற்குப் பெயர்போனது. ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் முதலில் கணக்கைக் கொடுத்துப் போராட விட்டு, அப்புறம் விளக்கம் தருகிறது. கான் அகாடமி என்ற இணையதளம் இலவசம், குட்டிக் காணொளியும் உடனே சரிபார்க்கும் பயிற்சியும் கொண்டது.

யாருக்கு எது? படித்ததைச் சீக்கிரம் மறக்கும் பிள்ளைக்குக் கலந்து வரும் பயிற்சி நல்லது. ஒரே நாளில் நாலு விதமான கணக்கு வந்தால் பதறும் பிள்ளைக்கு ஒரு தலைப்பில் நிற்கும் வகை நிம்மதி தரும், ஆனால் பழையதைத் திருப்பிப் பார்க்கும் பயிற்சியை நீங்கள்தான் சேர்க்க வேண்டியிருக்கும். விடை தெரியாமல் இருபது நிமிடம் யோசிப்பதில் மகிழும் பிள்ளைக்குப் போராட விடும் வகை விருந்து. அதையே, தவறினால் அழும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு மாதத்தில் கணக்கையே வெறுத்துவிடும். புத்திசாலிப் பிள்ளை என்பதால் கடினமான புத்தகம் என்று கணக்குப் போடாதீர்கள். எவ்வளவு நேரம் தெரியாமை தாங்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இணையவழிப் பயிற்சியில் ஓர் எச்சரிக்கை. விடையை மட்டும் தட்டச்சு செய்யும் பிள்ளை படிகளை எழுதப் பழகாது. நோட்டில் எழுதிவிட்டுத்தான் தட்ட வேண்டும் என்ற விதி முதல் நாளிலேயே வேண்டும். பிறகு கொண்டுவந்தால் பெரிய சண்டையாகும்.

மூன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடுங்கள். ஏழெட்டை ஒப்பிடுபவர்கள் கடைசியில் அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

5. மூன்றிலும் ஒரே மூன்று பக்கங்களைப் படியுங்கள்

பெரும்பாலான பதிப்பகங்கள் மாதிரிப் பாடங்களை இலவசமாகத் தருகின்றன. அவர்கள் அனுப்பும் முதல் அத்தியாயத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அது பெரும்பாலானவற்றில் பழைய பாடத்தின் மீள்பார்வைதான், எல்லாப் புத்தகமும் நன்றாகத்தான் தோன்றும். கீழ்க்கண்ட மூன்று இடங்களைத் தேடிப் பிடியுங்கள்.

முதல் இடம், சமன்பாட்டைத் தீர்க்கும் பாடம். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று நம்மில் பலர் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். ஒரு நண்பரின் மகன் 3க = 12 என்ற கணக்கில், 3 அந்தப் பக்கம் போகிறது, அதனால் −3 என்று சொல்லி, க = 9 என்று எழுதினான். பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்த அந்த முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறான், அவ்வளவுதான். மூன்று ஒன்பது இருபத்தேழாயிற்றே என்று கேட்டதும்தான் திடுக்கிட்டான். எதுவும் எங்கேயும் ‘போவதில்லை’. இரண்டு பக்கத்துக்கும் ஒரே செயலைச் செய்கிறோம், தராசு சமமாக நிற்கிறது. 3க + 5 = 20 என்றால் இருபுறமும் 5-ஐக் கழித்து 3க = 15, இருபுறமும் 3-ஆல் வகுத்து க = 5. இதை இப்படிக் காட்டி, விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கவும் சொல்லும் புத்தகத்துக்கு ஒரு டிக் போடுங்கள். குறுக்குவழியை முதல் பக்கத்திலேயே தரும் புத்தகத்தை ஒதுக்குங்கள்.

இரண்டாம் இடம், அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் வரும் பாடம். 5 − 2(க − 3) போன்ற ஒன்றைத் தேடுங்கள். சரியான விடை 11 − 2க. பிள்ளைகள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். கடைசி உறுப்பின் குறியை மாற்ற மறந்து −1 − 2க என்று எழுதுவார்கள், அல்லது 5-இலிருந்து 2-ஐ முதலில் கழித்து 3(க − 3) ஆக்கிவிடுவார்கள். நல்ல புத்தகம் இந்தத் தவறுகளை அப்படியே எடுத்துக் காட்டி, ஏன் பொருந்தாது என்று விளக்கும். க-வுக்கு 10 போட்டால் மூலக்கோவை −9 தருகிறது. தவறான இரண்டும் −21, 21 என்று தருகின்றன. இப்படி எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஒரு புத்தகம் ஊட்டினால் பாதி வேலை முடிந்தது. (க + 3)² என்பது க² + 9 என்று நினைக்கும் பிள்ளைக்கும் இதே மருந்துதான்: க = 4 என்றால் ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25.

மூன்றாம் இடம், எழுத்து எண்ணைக் குறிக்கிறது என்று அறிமுகப்படுத்தும் பக்கம். ‘ஆ என்றால் ஆப்பிள், வா என்றால் வாழைப்பழம்’ என்று தொடங்கினால் உஷாராகுங்கள். அந்த எழுத்து ஆப்பிள்களின் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும், பழத்தை அல்ல. இந்தக் குழப்பம் வெகுநாள் கழித்துத்தான் வெடிக்கும். ‘ஒவ்வோர் ஆசிரியருக்கும் 6 மாணவர்கள்’ என்பதைச் சமன்பாடாக்கச் சொன்னால் (மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ), 6ம = ஆ என்று எழுதுவார்கள், ஆறு மாணவர் ஒரு ஆசிரியர் என்று படித்துக்கொண்டு. பத்து ஆசிரியர் என்றால் அறுபது மாணவர் வர வேண்டும், அப்படியானால் ம = 6ஆ தான் சரி. எழுத்தைப் பொருளின் சுருக்கெழுத்தாகப் பழகிய பிள்ளைக்கு இதைத் திருத்துவது பெரும்பாடு.

பயிற்சிகளையும் ஒரு பார்வை பாருங்கள். அத்தியாய முடிவில் இருக்கும் வாக்கியக் கணக்குகள் எல்லாமே அந்த அத்தியாயத்தின் முறையிலேயே தீர்ந்தால், எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பிள்ளை கற்காது. பல அத்தியாயங்கள் கலந்த பயிற்சி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

6. நான்கு நாள் வெள்ளோட்டம்

மூன்றில் ஒன்று முன்னால் வந்துவிட்டதா? சரி, அதில் சமன்பாட்டுப் பாடத்தை எடுத்து நான்கு நாள் நடத்திப் பாருங்கள். ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங், சாக்ஸன் போன்றவற்றுக்குப் பிள்ளையின் நிலையை அறியும் தேர்வுத்தாள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றையும் இந்த வாரத்திலேயே கொடுத்துவிடலாம்.

முதல் இரண்டு நாள் பாடமும் பயிற்சியும். மூன்றாம் நாள் அந்தப் பாடத்தைத் தொடவே வேண்டாம். நான்காம் நாள், புத்தகத்தைத் திறக்காமல், அதே மாதிரி ஐந்து கணக்கு. அந்த ஒரு நாள் இடைவெளி இல்லாவிட்டால் பிள்ளை புரிந்துகொண்டதா, முந்தின கணக்கின் வடிவத்தைப் பார்த்து எழுதியதா என்று தெரியாது.

நோட்டில் குறிக்க வேண்டியவை மூன்று. எத்தனை நிமிடம் ஆனது. எந்த வரியில் நின்றுவிட்டது. நான்காம் நாள் ஒரு கணக்கை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டபோது ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் வந்ததா. ஐந்துக்கு மூன்று சரியாக வந்து, ஒரு படிக்காவது காரணம் சொன்னால் போதும். பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்ணப் படம் நிறைய இருக்கும் புத்தகம் எல்லாப் பிள்ளைக்கும் முதல் நாள் பிடிக்கும்.

7. நாட்காட்டியில் வைத்து எண்ணுங்கள்

120 பாடம், 12 தேர்வு உள்ள ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் பார்த்தால் 132 நாள். நடைமுறையில் மூன்றில் ஒரு பாடமாவது இரண்டு நாள் எடுக்கும், ஆக 172 நாள். வாரம் 4 நாள் என்றால் 43 வாரம், 5 நாள் என்றால் 35 வாரம். உங்கள் ஆண்டில் அத்தனை வாரம் இருக்கிறதா?

இல்லையென்றால் திட்டத்தை ஒன்றரை ஆண்டுக்கு நீட்டுங்கள், அல்லது பயிற்சியில் ஒன்றுவிட்டு ஒன்று செய்யுங்கள். சாக்ஸன் போலப் பயிற்சியில் பழையதையும் கலந்து தரும் வகையில் மட்டும் கணக்குகளை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பழைய பாடத்தின் மீள்பார்வையே அந்தக் கணக்குகளுக்குள்தான் இருக்கிறது. கடைசி அத்தியாயங்களை வெட்டுவதும் வேண்டாம். காரணிப்படுத்துதலும் இருபடிச் சமன்பாடும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அடுத்த ஆண்டு அவற்றின் மேல்தான் தொடங்கும்.

இந்தக் கணக்கு முடிந்தபிறகு வாங்குங்கள். தீர்வுக் கையேட்டையும் தேர்வுத்தாளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். துணைப் புத்தகம் எதுவும் முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். இரண்டு புத்தகம் ஒரே விஷயத்தை இரண்டு முறையில் சொன்னால் தொடக்கத்தில் பிள்ளை குழம்பிப்போகும்.

8. ஆறாவது வாரம் திரும்பிப் பாருங்கள்

இப்போது மூன்று விதமான நிலை இருக்கலாம். நன்றாகப் போனால் தொடருங்கள். சலிப்பு மட்டும்தான் சிக்கல் என்றால் வேகத்தை மாற்றுங்கள். தெரிந்த பாடத்துக்கு நேராக அத்தியாயத் தேர்வைக் கொடுத்து, தேறினால் தாண்டிப் போகலாம்.

தினமும் கண்ணீர் என்றால் உடனே புத்தகத்தின் மேல் பழி போடாதீர்கள். முதல் படியின் ஏழு கேள்விகளையும் எண்களை மாற்றி மறுபடி கொடுங்கள். என் மகள் விஷயத்தில் அப்படிச் செய்தபோதுதான் குறை பின்னத்தில் இருப்பது தெரிந்தது. அவள் சமன்பாட்டில் தடுமாறவில்லை, இருபுறமும் 2/3-ஆல் வகுக்கும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வாரம் பின்னம் படித்துவிட்டு, அலமாரியில் கிடந்த அதே புத்தகத்தைத்தான் மறுபடி எடுத்தோம். அதையே முடித்தாள்.

அடித்தளம் சரியாக இருந்தும், நீங்கள் வேறு விதமாகச் சொன்னால் உடனே புரிகிறது, புத்தகம் சொன்னால் புரியவில்லை என்றால் அது மாற்ற வேண்டிய புத்தகம்தான். அப்படி மாற்றும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். புதியதன் அத்தியாயத் தேர்வுகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பத்துக்கு எட்டுக்குக் கீழே எந்தத் தேர்வில் இறங்குகிறதோ, அந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.